நீல மாட்டைக் கூட்டி வரவும்

சிங்காரவேலுவின் மாடு செவலை. செம்மண்ணைக் குழைத்துப் பூசியது மாதிரி கொம்படி முதல் வால் வரை ஒரே சிவப்பு. நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளைகூடக் கிடையாது. அபிஷேகப்பாக்கத்தில் அதை யாரும் ஒரு விஷயமாகப் பேசியதில்லை. வழி கேட்பவர்களுக்குச் "செவலை கட்டியிருக்கும் பாரு, அந்த வூடு" என்று கை காட்டுவார்கள், அவ்வளவுதான். அது நீல மாடு என்பது கால்நடை அடையாள மையம் சொல்லித்தான் ஊருக்கே தெரியவந்தது.

சொன்ன நேரம்தான் சரியில்லை. ஊரில் மாடுகளுக்கு அம்மை இறங்கியிருந்தது. தோலெங்கும் கட்டி கட்டியாகப் புடைத்து, காய்ச்சலில் தீனி எடுக்காமல், மாடுகள் நின்ற இடத்திலேயே கண்ணீர் வடித்துக்கொண்டு நின்றன. மேலத் தெருவில் கன்றுகள் சாகத் தொடங்கியிருந்தன. பால் சொசைட்டி வாசலில் தடுப்பூசி முகாம் என்று ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். செவலை கன்று போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. செவலை பிறந்தபோது அதன் தாய் பிரசவத்திலேயே போய்விட, புட்டிப்பால் கொடுத்து அதை வளர்த்தவள் சிங்காரவேலுவின் மனைவி செல்வகுமாரி. ஆகவே முகாமுக்கு முதல் ஆளாக அவள்தான் புருஷனைக் கிளப்பிவிட்டாள்.

கால்நடை மருத்துவர் செங்கமலம் செவலையின் காதில் தொங்கிய வில்லையின் எண்ணைக் கையிலிருந்த கருவியில் தட்டினார். அடையாள மையம் பதிந்து வைத்திருந்த படம் திரையில் வந்தது. படத்தைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"ஐயா, இது உங்க மாடு இல்லியே."

"என் மாடுதான் டாக்டரம்மா. எங்க வூட்லதான் பொறந்தது."

செங்கமலம் திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சைப் புல்லின் மேல் ஒரு நீல மாடு நின்றிருந்தது. இலேசான நீலம் இல்லை. பேனா மை நீலம். கயிற்றைப் பிடித்தபடி பக்கத்தில் சிங்காரவேலுவும் நீலமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார். வானம் மட்டும் ஆரஞ்சு.

"நான்கூட நீலமா இருக்கேனே?" என்றார் சிங்காரவேலு.

"மாட்டுக்காரங்க நிறத்த நாங்க சரிபாக்குறதில்லிங்க. மாட்டோட நிறம்தான் பொருந்தணும்."

"ஒரு ஊசிதானம்மா. போட்டு விட்டுடுங்களேன்."

செங்கமலம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. "ஒவ்வொரு ஊசிக்கும் பதிவுல உள்ள ஒரு மாட்ட கணக்கு காட்டணும். போன மாசம் ஒருத்தர் பாவம் பாத்து போட்டாரு. அவர ஆந்திராப் பக்கம் யானத்துக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க. எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்குறாங்கய்யா, என்னால யானம் போக முடியாது. நீங்க வில்லியனூர் மையத்துல போயி ஒரு வார்த்த சொல்லி சரிபண்ணிட்டு வாங்க. கடைசி முகாமுக்குள்ள வந்துட்டீங்கன்னா போதும்."

இந்த மருந்து கடையில் கிடைக்குமா என்று சிங்காரவேலு கேட்டார். கிடைக்காது, மையத்தின் வழியாக மட்டும்தான்.

கறுப்பு வெள்ளை மாடுகளெல்லாம் வரிசையாக ஊசி போட்டுக்கொண்டு போயின. ஊரில் இன்னும் சில செவலைகளும் ஊசி போடாமலே திரும்பின. அவற்றின் சொந்தக்காரர்கள் அந்த வாரச் சந்தைக்கே ஓட்டிவிட்டார்கள். சிங்காரவேலுவும் அந்தப் பேச்சை எடுத்துப் பார்த்தார். செல்வகுமாரி அவர் தட்டில் சோற்றைப் போட்டாள். குழம்பு ஊற்றவில்லை.

கரிக்கலாம்பாக்கத்தில் பஸ் மாறி அவர் வில்லியனூர் போய்ச் சேர்ந்தபோது மையத்தில் காலைச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் யாரும் உள்ளே போகக் கூடாது. வாசற்காவலர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கண்ணாடி வழியாகச் சிங்காரவேலு பார்த்தார். சுவரில் மூன்று திரைகள். நடுத் திரைக்கு மாலை போட்டிருந்தது. ஊழியர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மணி அடித்தது. மூன்று திரைகளிலும் ஒரே நேரத்தில் ஒரு கொழுத்த கறுப்பு வெள்ளைப் பசுவின் படம் தோன்றியது.

"கறுப்பு?" என்றது ஒரு குரல்.

"கறுப்பு!" என்றார்கள் எல்லோரும்.

"வெள்ளை?"

"வெள்ளை!"

"நிறம் சரி!"

கை தட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். குரல் கொடுத்தவர் துணை இயக்குநர் ராஜ்மோகன். சிங்காரவேலுவை அவர் மிக மரியாதையாக நாற்காலியில் உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். குறையை முழுவதும் கேட்டார். பிறகு பேசினார்.

"பெரியவரே, நீங்க பாத்தீங்க இல்ல, மூணு ஸ்கிரீன்? ஒண்ணு பதினாறு பிட்டு, ஒண்ணு இருபத்திநாலு, ஒண்ணு முப்பத்திரெண்டு. ஒரு படத்துல நெறைய புள்ளி இருக்கும். ஒவ்வொரு புள்ளியோட நிறத்தையும் ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு விதமா அடுக்கி வெச்சுக்கும். அதுக்குப் பேரு பிக்சல் ஃபார்மேட். எந்த ஃபார்மேட்ல போட்டாலும் நிறம் மாறக் கூடாது. அத சோதிக்கறதுக்குன்னே இந்தியாவிலேயே ஒரு கால்நடைத் துறைக்கு கட்டடம் இருக்குதுன்னா அது நம்ம வில்லியனூர்லதான். தொடங்கினதுலேர்ந்து ஒரு நாள்கூட நாங்க சோதனைல தோத்ததில்ல."

"சந்தோஷங்க. ஆனா என் மாடு செவப்பு. அதுல நீலமா தெரியுது."

"தெரியும்."

"தெரியுங்களா?"

"அரிகரன்!" என்று ராஜ்மோகன் கூப்பிட்டார். மையத்தின் பொறியாளர் அரிகரன் எழுந்து வந்தார். "பெரியவருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அரிகரன் சொன்னார்: "கேமரா ஒவ்வொரு புள்ளிக்கும் செவப்பு, பச்சை, நீலம்னு வரிசையா சொல்லி அனுப்புதுங்க. எங்க சர்வர் அத நீலம், பச்சை, செவப்புனு எழுதிக்குது. அதனால செவப்பு நீலமாயிடும், நீலம் செவப்பாயிடும். பச்சை நடுவுல இருக்கறதால தப்பிச்சுடும். கறுப்பு, வெள்ளையில மூணும் சமமா இருக்கும். மாத்திப் போட்டாலும் ஒண்ணும் தெரியாது."

சிங்காரவேலுவுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. "அப்ப மெஷின்லதான் தப்பு. மாத்திடுங்க சாமி."

"தப்புன்னு எப்படிச் சொல்றது?" என்றார் ராஜ்மோகன் வருத்தத்துடன். "அரிகரன் சொன்னது விஞ்ஞானம். சோதனையில தப்புன்னு வந்தாத்தான் அது தப்பு. வரலியே. முன்ன ஒரு படம் வெச்சிருந்தோம், பூசணிப்பூ, தக்காளி, மயில்னு எல்லா நிறமும் இருக்கும். தெனமும் ஃபெயில். ஊழியர்களுக்கு மனசு விட்டுப் போச்சு. ஒருத்தர் லீவு லெட்டர் குடுத்துட்டாரு. அப்புறம் நான் பொறுப்புக்கு வந்து, ஒரே வாரத்துல சரி பண்ணேன்."

"மெஷினையா?"

"படத்தை."

அவர் சொன்ன விதத்தில் கர்வம் இல்லை. கடமையைச் செய்தவரின் அடக்கம்தான் இருந்தது. ஆனாலும் பொதுமக்கள் குறையென்று வந்தால் மையம் கைவிடாது, மாட்டை நேரில் கொண்டுவந்து காட்டினால் குழு கூடிப் பார்க்கும் என்றார்.

சிங்காரவேலு ஒரு குட்டி யானை வண்டியைப் பிடித்துச் செவலையை ஏற்றிக்கொண்டு போனார். வாழ்நாளில் வண்டி ஏறியிராத மாடு, வழியெல்லாம் கத்தியது. மையத்தின் பளபளப்பான படிக்கட்டில் கால் வழுக்கி மண்டி போட்டது. பயத்தில் அங்கேயே சாணியும் போட்டது.

குழு கூடியது. எல்லோரும் மாட்டைச் சுற்றி வந்தார்கள். அரிகரன் புதிதாக ஒரு படம் எடுத்தார். மூன்று திரையிலும் ஏற்றினார்கள். மூன்றிலும் நீல மாடு. அதன் பின்னால் கிடந்த சாணி மட்டும் அசல் பச்சையாகவே இருந்தது. ராஜ்மோகன் சாணியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, "சாணம் பொருந்துகிறது" என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பிறகு அவர் எழுந்து நின்று முடிவைச் சொன்னார்.

"பழைய படத்துல நீலம். இன்னிக்கு எடுத்த புதுப் படத்துலயும் நீலம். ரெண்டு படமும் அப்படியே பொருந்துது. மூணு ஸ்கிரீனும் ஒத்துப்போவுது. ஆக, எங்க பக்கம் எல்லாமே ஒண்ணுக்கொண்ணு சரியா இருக்கு. சேராம தனியா நிக்கிறது மாடு ஒண்ணுதான்."

"சாமி, கண்ண தொறந்து பாருங்க. எதிர்லதான் நிக்குது."

"பாக்கறேன். செவப்பாத்தான் தெரியுது. நான் இல்லன்னு சொல்லல. ஆனா என் கண்ண யாரும் சோதனை பண்ணி சான்று குடுக்கல பெரியவரே. இந்த ஸ்கிரீனுக்கு சான்று இருக்கு."

அரிகரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் இன்னா பண்றது?"

"பதிவுல உங்க பேர்ல ஒரு நீல மாடு இருக்கு. அது எங்கன்னு தெரியணும். காணாம போயிருந்தா போலீஸ்ல ஒரு புகார் குடுத்துடுங்க. அத வெச்சு அந்த மாட்ட நீக்கிட்டு, இந்தச் செவப்பு மாட்ட புதுசா பதிஞ்சு தந்துடறேன். புதுப் பதிவுக்கு ஒரு போட்டோ எடுக்கணும், அவ்வளவுதான்."

அந்தப் போட்டோவும் நீலமாகத்தானே வரும் என்று சிங்காரவேலுவுக்குத் தோன்றியது, வீட்டுக்குப் போகிற வழியில். அங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் எதுவும் தோன்றாது. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும்.

இருந்தாலும் சொன்னதைச் செய்துவிடலாம் என்று மறுநாள் வில்லியனூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். ரைட்டர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். ரைட்டர் சிரிக்கவில்லை.

"மாடு இன்னா கலரு?"

"நீலங்க."

"கொம்பு?"

"கொம்பும் ஒரு மாதிரி நீலந்தாங்க."

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"மையத்துலங்க. ஸ்கிரீன்ல."

ரைட்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ரோந்து போற பசங்ககிட்ட சொல்லி வெக்கிறேன். கரும்புக் கொல்ல பக்கம் ஒதுங்கியிருக்கும். நீங்களும் ஒரு கண்ணு வெச்சுக்கங்க" என்றார்.

சிங்காரவேலு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். மங்கலம் தாண்டியதும் இருபுறமும் நடவு முடிந்த வயல்கள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. ஒவ்வொரு வரப்பிலும் மேய்கிற மாடுகளை அவர் உற்றுப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். நீலமாக ஏதாவது தெரிகிறதா என்று.

வீட்டில் செல்வகுமாரி கேட்டாள். "இன்னாயா சொன்னாங்க?"

"தேடிப் பாக்குறாங்களாம்."

"எத?"

அவர் கால் கழுவப் போனார். அவள் விடவில்லை. சொன்னதும் அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் காளைக்கு அன்று காலைதான் காய்ச்சல் கண்டிருந்தது.

யோசனை சொன்னவர் முபாரக். அபிஷேகப்பாக்கம் ரோட்டில் பேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். கோலப்பொடியிலிருந்து கொசுவலை வரை எல்லாம் அவரிடம் உண்டு. ஊரில் சிங்காரவேலுவை அண்ணா என்று கூப்பிடுகிற பாதிப் பேரில் அவரும் ஒருவர்.

"ண்ணா, அவங்க கண்ணுக்கு மாடு நீலமா தெரியணும். அம்மாந்தானே?"

"அம்மாந்தான்."

"பூசிட்டா?"

சிங்காரவேலு அவரையே பார்த்தார்.

"நான் ஒண்ணும் வெளாட்டுக்குச் சொல்லலண்ணா. மாட்டுப் பொங்கலுக்குப் பூசறது இல்லியா? அதே கலர்தான். தோலுக்கு ஒண்ணும் ஆவாது. ஊசியப் போட்டுட்டு வந்து கழுவிட வேண்டிதுதான். அண்ணிகிட்ட கேளுங்க."

செல்வகுமாரி கேட்டதும் எழுந்து அரிசி மாவைக் கரைக்கப் போய்விட்டாள். சிவப்பின் மேல் நேரடியாக நீலம் பிடிக்காது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. கடைசி முகாம் அன்று விடியற்காலை முதலில் மாவைப் பூசி, காயவிட்டு, அதன் மேல் நீலத்தைப் பூசினார்கள். முபாரக் கடையைத் திறக்காமல் வந்து முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டார். செவலை பாதிப் பூச்சு வரை பொறுமையாக நின்றது. மாவு ருசி கண்டதும் எட்டிய இடத்தையெல்லாம் நக்கித் தீர்த்தது. நாக்கும் நீலமாயிற்று. கன்று மட்டும் தாயிடம் வராமல் தும்புக் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது.

"ந்தா, அம்மாதான்டி. பயப்படாத" என்றாள் செல்வகுமாரி கன்றிடம். 

தெருவில் நீல மாட்டை ஓட்டிக்கொண்டு போனபோது யாரும் கேலி பேசவில்லை. ஒருவர் வண்டியை நிறுத்தி, "கலர் நல்லா புடிச்சிருக்குதுப்பா" என்றார். அவரும் ஒரு செவலையைச் சந்தைக்கு ஓட்டியவர்தான்.

முகாமில் ராஜ்மோகனே வந்து உட்கார்ந்திருந்தார். கடைசி முகாம் என்பதால் மேற்பார்வை. செங்கமலம் தூரத்திலேயே மாட்டைப் பார்த்துவிட்டார். ஒரு கணம் அவர் முகம் கோணியது. அவ்வளவுதான். எண்ணைத் தட்டினார், திரையைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார்.

"பொருந்துது சார்" என்றார் சத்தமாக. ஊசியைக் கையில் எடுத்தும் விட்டார்.

ராஜ்மோகன் எழுந்து வந்தார். நீல மாட்டைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் உண்மையிலேயே மலர்ந்தது. "கெடச்சுடுச்சா! நான்தான் சொன்னேனே பெரியவரே. பதிவு பொய் சொல்லாது."

"ஆமாங்க சாமி."

"நல்லது. டாக்டரம்மா, ஒரே ஒரு போட்டோ எடுத்துடுங்க, அப்புறம் ஊசி போடலாம்."

"போட்டோ எதுக்கு சார்?" என்றார் செங்கமலம். "போன முகாம்ல இல்லியே."

"இப்ப வந்த விதி. பெரியவரோட புகாராலதான் வந்தது. வெறும் கண்ணால பாத்துச் சொல்றதுல தப்பு நேருது இல்லியா? அதனால கண்ணாலயும் பொருந்தணும், அன்னிக்கு எடுக்கற போட்டோவும் பழைய போட்டோவோட பொருந்தணும். ரெண்டும். மேலிடத்துல இத ரொம்பப் பாராட்டினாங்க." அவர் சிங்காரவேலுவின் தோளில் கை வைத்தார். "உங்க பேரையும் குறிப்பிட்டிருக்கேன்."

செங்கமலம் போட்டோ எடுத்தார். கருவி கொஞ்ச நேரம் யோசித்தது. படம் வந்தது.

சிங்காரவேலு எட்டிப் பார்த்தார். திரையில் ஒரு சிவப்பு மாடு நின்றது. ஒழுங்காக மாவு பிடிக்காத இடங்களில் கொஞ்சம் திட்டு. மற்றபடி செம்மண் நிறம். மையத்தின் படங்களில் தன் மாட்டைத் தன் மாடாக அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதன் பக்கத்தில், கயிற்றைப் பிடித்தபடி, அவர் மட்டும் நீலமாக நின்றார்.

"பொருந்தல" என்றார் செங்கமலம். 

ராஜ்மோகன் கருவியை வாங்கிப் பார்த்தார். "படத்துல செவப்பு மாடு இல்ல வருது? இது யார் மாடு?"

"என் மாடுதாங்க" என்றார் சிங்காரவேலு. அவரையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. "இதுதாங்க என் செவலை. இதத்தாங்க நான் மொதல்லேர்ந்து சொல்லினு இருக்கேன்."

"அப்படியா?" ராஜ்மோகன் திரையையும் எதிரே நின்ற நீல மாட்டையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தார். "அப்ப இந்த மாட்ட ஓட்டிட்டுப் போயி, அந்த மாட்ட இட்டுட்டு வாங்க."

"அந்த மாட்டதாங்க மொதல்ல இட்டாந்தேன். அப்ப அது வேணாம்னீங்களே."

"அப்ப கண்ணால பொருந்தல. இப்ப போட்டோல பொருந்தல. ரெண்டும் பொருந்தற மாதிரி ஒரு மாட்ட இட்டுட்டு வந்தீங்கன்னா அடுத்த நிமிஷம் ஊசி. நாங்க எதுக்கு இருக்கோம்? உங்களுக்காகத்தான இருக்கோம்."

அவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். சிங்காரவேலுவுக்குக் கோபப்படக்கூட ஒரு பிடி கிடைக்கவில்லை. அவர் செல்வகுமாரியைப் பார்த்தார். அவள் அதிகாரியையோ திரையையோ பார்க்கவில்லை. செங்கமலத்தின் கையில் இருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கமலம் அதை மெதுவாகப் பெட்டியில் திரும்ப வைத்தார். பெட்டியை மூடினார். மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஊட்டுக்குப் போயி நல்லா கழுவி விட்டுடுங்கம்மா" என்றார் மட்டும். "வெயில்ல காஞ்சா தோல் இழுக்கும்."

வரிசையில் அடுத்த மாடு வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சொசைட்டி மாடு. கண்ணால் பொருந்தியது. போட்டோவும் பொருந்தியது. ராஜ்மோகன் கை தட்டினார்.

மத்தியானம் பம்பு செட்டில் வைத்துக் கழுவினார்கள். முபாரக் தண்ணீரை மொண்டு ஊற்ற, செல்வகுமாரி வைக்கோல் பிரியால் தேய்த்தாள். நீலம் கரைந்து வாய்க்காலில் ஓடியது. முதுகு சிவந்தது, விலா சிவந்தது. சிங்காரவேலு வரப்பில் உட்கார்ந்து வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையாவது திட்ட வேண்டும் என்று முயன்றுகொண்டிருந்தார். மெஷினைத் திட்டினால் அதற்குக் காது கிடையாது. அரிகரனுக்கு எல்லாம் தெரியும், அதை அவர் மறைக்கவும் இல்லை. செங்கமலத்துக்குத் தாய் இருக்கிறாள். ராஜ்மோகன் டீ வாங்கிக் கொடுத்தவர்.

அவருடைய போனில் ஒரு செய்தி வந்தது. முபாரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். "கால்நடை அடையாள மையத்தின் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி. தங்கள் ஊரில் தகுதியுள்ள எல்லா மாடுகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டுவிட்டது."

"யோவ்" என்றாள் செல்வகுமாரி.

அவள் தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள். ஒரு கை செவலையின் கழுத்துக்கு அடியில் இருந்தது. சிங்காரவேலு இறங்கி அருகில் போனார். அவள் அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். ஈர மயிருக்கு அடியில், தோலில், கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. பக்கத்தில் இன்னொன்று. மாட்டின் உடம்பு சுட்டது.

முபாரக் வாளியைக் கீழே வைத்தார். "நம்ம குடோன் சும்மாதான்ணா இருக்குது. தொத்திக்காம கன்னுக்குட்டிய அங்க கட்டிக்கலாம்."

செல்வகுமாரி போய் வரப்போரம் கட்டியிருந்த கன்றை அவிழ்த்தாள். இப்போது தாய் பழையபடி சிவப்பாக நின்றது. கன்று காலையில் விட்ட பாலைக் குடிக்கத் துள்ளிக்கொண்டு வந்தது. அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்து அதை எதிர்த் திசையில் இழுத்துக்கொண்டு நடந்தாள்.